சுகரை வீட்டிலேயே பார்க்கிறோம், மாத்திரையையும் நாமே கூட்டிக் குறைக்கலாமா?

சாத்தூர்_சேவு:

வணக்கம். ரொம்ப நாளாக இந்தப் பகுதியைப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

அப்பாவுக்கு 71 வயது. பல வருஷமாக சுகர். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். நான்தான் சுகர் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவரே டாக்டராகிவிட்டார். காலையில் 180 காட்டினால் மாத்திரை ஒன்றரை ஆகிறது. 110 காட்டினால் "இன்னைக்கு வேண்டாம்" என்று டப்பா மூடப்படுகிறது. கேட்டால், "முப்பது வருஷம் கடைக் கணக்குப் பார்த்தவனுக்கு இந்த நம்பர் புரியாதா?" என்கிறார். சந்தேகம் வந்தால் பேரனை விட்டு சாட்ஜிபிடியிடம் கேட்கிறார். அவர் நினைத்ததையே அது சொன்னால் "பார்த்தியா!", மாற்றிச் சொன்னால் "மெஷினுக்கு என்ன தெரியும்?"

அப்பாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஆப், வாட்ச், ஏஐ எல்லாம் வந்தபிறகு நோயாளிகளுக்குத் தங்கள் மேலேயே நம்பிக்கை கூடியிருக்கிறது என்று பெருமையாக எழுதுகிறார்கள். கூடினது நல்லதுதானா? அதை யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

பழைய_ஹெச்எம்:

தம்பி, உங்கள் அப்பா பக்கம் ஒருவராவது பேச வேண்டும், நான் பேசுகிறேன். எனக்கு பிரஷர். டாக்டர் என்னைப் பார்ப்பது மாதத்துக்கு மூன்று நிமிஷம். மீதி நேரமெல்லாம் இந்த உடம்போடு குடித்தனம் நடத்துவது நான். பிரஷர் ஏறினால் எனக்குப் பின்மண்டை சொல்லிவிடும், மெஷினே வேண்டாம். "டாக்டரைக் கேள், டாக்டரைக் கேள்" என்று பயமுறுத்தியே ஒரு தலைமுறையை முதுகெலும்பு இல்லாமல் ஆக்கிவிட்டோம். மனிதர் தன் நோயைத் தானே கவனிக்கிறார். அதைக் குறையாகச் சொல்லாதீர்கள்.

ஊசிக்காரம்மா:

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். சேவு தம்பி, மற்ற விவாதம் நிதானமாக நடக்கட்டும், இதை முதலில் கவனியுங்கள். அப்பா சாப்பிடுவதில் கிளிமெபிரைடு இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் லோ சுகர் ஆவது அபூர்வம். கிளிமெபிரைடு அப்படி இல்லை. வயதானவர், கிட்னி கொஞ்சம் மந்தமாக இருப்பவர், மாத்திரையைக் கூட்டிப் போட்டுவிட்டு ராத்திரி சாப்பாட்டைக் குறைப்பவர், இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தால் விடியற்காலை தூக்கிக்கொண்டு வருவார்கள். 70-க்குக் கீழே போனால் லோ. நினைவோடு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. "லோ ஆனால் எனக்கே தெரிஞ்சிடும், வேர்க்கும், கை நடுங்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். சுகர் வந்து பல வருஷம் ஆனவர்களுக்கு அந்த எச்சரிக்கை மழுங்கிப்போகும். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமலே போகலாம். உடம்பு சொல்லும் என்ற நம்பிக்கை அப்படியே இருக்கும், சொல்லும் வழி அடைத்திருக்கும்.

ஹெச்எம் ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பின்மண்டை வலிக்கிறபோது மட்டும் பார்த்தால் வலிக்காத நாளில் எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

லேப்_மனுஷன்:

180-க்கு ஒன்றரை மாத்திரை என்று படித்ததும் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மெஷினில் வரும் நம்பரைக் கல்வெட்டு மாதிரி நினைக்கிறார்கள். வீட்டு மெஷின்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 15197, 2013-ல் திருத்தியது. அது கேட்பது என்ன? ரத்தத்தில் உண்மை அளவு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால், 100-க்கு 95 தடவை 15 சதவீதம் முன்பின் காட்டலாம். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி முன்பின். அதாவது உண்மையில் 180 இருக்கிறவருக்கு 153 காட்டினாலும் 207 காட்டினாலும் மெஷின் "நல்ல மெஷின்"தான். மீதி 5 தடவை இதையும் தாண்டலாம்.

இது புது ஸ்ட்ரிப், சுத்தமான கை என்ற கணக்கில். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் 300 வரும், அப்புறம் வீடே அலறும். ரத்தசோகை அதிகம் இருப்பவர்களுக்கு மெஷின் கூட்டிக் காட்டும். ஆகவே நேற்று 165, இன்று 180 என்றால் சுகர் ஏறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. எதுவுமே மாறாமலும் இருந்திருக்கலாம். உங்கள் அப்பா பாதி நாள் மெஷினின் தள்ளாட்டத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

பழைய_ஹெச்எம்:

சரி, மெஷின் முன்பின் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்த மெஷினைத்தானே டாக்டரும் நம்புகிறார்?

லேப்_மனுஷன்:

நம்புகிறார், ஆனால் ஒரு நாள் நம்பரை வைத்து மாத்திரையை மாற்ற மாட்டார். இரண்டு வாரத்து நோட்டைப் பார்ப்பார், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட் பார்ப்பார். அதிலும் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறான பக்கம் சாயும் என்பது அவருக்குத் தெரியும். (தெரிந்திருக்க வேண்டும்.)

ஆராய்ச்சி_எலி:

சேவு அண்ணா கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொது சுகாதாரத்தில் ஆராய்ச்சி மாணவி நான். இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, நீளமாகத்தான் வரும், மன்னிக்கவும்.

இணையச் சுகாதாரத் தகவலை ஒருவர் எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறார் என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவது இஹீல்ஸ் என்ற கேள்வித்தாள். கனடாவின் நார்மனும் ஸ்கின்னரும் 2006-ல் உருவாக்கியது. 8 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எந்தத் தகவல் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், தரமானதையும் தரமற்றதையும் என்னால் பிரிக்க முடியும் என்கிற மாதிரி வாக்கியங்கள். கடைசிக் கேள்வி அப்பட்டமாகவே, உடல்நல முடிவெடுக்க இணையத் தகவலை நம்பிக்கையோடு பயன்படுத்துவேன் என்பது. "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்று டிக் அடித்தால் 5. எட்டும் சேர்ந்து 40 வாங்கினால் உங்களுக்கு டிஜிட்டல் சுகாதார அறிவு அதிகம் என்று கட்டுரையில் ஏறிவிடும். இந்தத் தாளில் சேவு அண்ணாவின் அப்பா 38 வாங்குவார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

2011-ல் நெதர்லாந்தில் ஒரு குழு வேறு மாதிரி செய்தது. இந்தத் தாளையும் கொடுத்தார்கள், கூடவே கணினி முன்னால் உட்கார வைத்து, "இந்தத் தகவலைத் தேடி எடுங்கள்" என்று வேலையும் கொடுத்தார்கள். தாளில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் வேலையைச் செய்து முடித்ததற்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு இல்லை. ஆனாலும் அந்தத் தாள் இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது. காரணம் எளிது. எட்டுக் கேள்வி என்றால் ஐந்து நிமிஷம், போனிலேயே முடியும். ஆளை உட்கார வைத்துச் செய்யச் சொன்னால் ஒருவருக்கு ஒரு மணி நேரம், கூலி, காபி, அறை.

ஆப் விளம்பரத்தில் "எங்கள் பயனாளர்களின் தன்னம்பிக்கை உயர்ந்தது" என்று பார்த்தால் இன்னொன்றையும் கேளுங்கள். யாரிடம் கேட்டார்கள்? இணையவழிச் சுகாதார ஆய்வுகளில் பாதியில் கழன்றுகொள்பவர்கள் ஏராளம். ஐசன்பாக் என்பவர் 2005-லேயே இதை ஒரு விதி என்றே சொல்லி எழுதினார். ஆப் பிடிக்காதவர், குழம்பிப்போனவர், பயந்து அழித்தவர் எல்லோரும் போனபிறகு கடைசிவரை இருந்தவர்களிடம் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

தன்னம்பிக்கையே வீண் என்று சொல்லவில்லை. பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதியதிலிருந்து இதற்கென்று ஒரு பெரிய ஆராய்ச்சி மரபே இருக்கிறது. அவர் சொன்னது பொத்தாம்பொதுவான தைரியம் இல்லை. "இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்" என்ற நினைப்பு. செய்து பார்த்து, சரியாக வந்து, அதிலிருந்து பிறப்பது. கடைக் கணக்கில் பிறந்த நம்பிக்கையைக் கிளிமெபிரைடுக்கு எடுத்து வருவதில்தான் சிக்கல்.

சாத்தூர்_சேவு:

38! அப்பா 40 கேட்பார்.

ஊசிக்காரம்மா அக்கா, குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டேன். நன்றி.

பழைய_ஹெச்எம்:

எல்லோரும் நோயாளியின் தலையிலேயே குட்டுகிறீர்கள். டாக்டர்களின் நம்பிக்கையை யாராவது அளந்தார்களா? நான் பார்த்தவரை, தப்பாகச் சொல்லும் டாக்டரும் சரியாகச் சொல்லும் டாக்டரும் ஒரே குரலில்தான் சொல்கிறார்கள்.

பிஎச்சி_டாக்டர்:

ஐயா, சரியான இடத்தில் அடித்தீர்கள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவன், எங்கள் ஆட்களை நானே சொல்கிறேன்.

2013-ல் அமெரிக்காவில் 118 மருத்துவர்களிடம் நான்கு நோயாளிகளின் விவரம் கொடுத்து நோயைச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு சுலபம், இரண்டு கடினம். கூடவே, "உங்கள் பதிலில் 10-க்கு எவ்வளவு நிச்சயம்?" என்றும் கேட்டார்கள். சுலபமானதில் 55.3 சதவீதம் சரி. கடினமானதில் 5.8 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட எல்லோரும் கோட்டை விட்டார்கள். நிச்சயம் எவ்வளவு என்றால் சுலபத்துக்கு 7.2, கடினத்துக்கு 6.4. சரியான பதில் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தபோது நிச்சயம் ஒரு புள்ளி கூடக் குறையவில்லை. அந்த நிச்சயம் கூடக்கூட, இன்னொரு டெஸ்ட் எழுதிப் பார்ப்போம் என்பதும் குறைந்தது. எனக்கு உறைத்தது இதுதான். ஆளிடம் நிச்சயம் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தெரியாத இடத்தில் அது தானாக இறங்க வேண்டும், இறங்கவில்லை.

எண்களிலும் இதே கதை. கிகெரென்சர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 2007-ல் 160 மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டார். பெண்களில் 100-க்கு ஒருவருக்கு மார்பகப் புற்று. இருந்தால் மேமோகிராம் 90 சதவீதம் காட்டும். இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்குத் தப்பாகக் காட்டும். ஒரு பெண்ணுக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது, அவருக்குப் புற்று இருக்க எவ்வளவு வாய்ப்பு? பெரும்பாலானோர் 81, 90 என்றார்கள். 1,000 பெண்களை எடுங்கள். 10 பேருக்குப் புற்று, அதில் 9 பேருக்கு பாசிட்டிவ். மீதி 990-ல் 89 பேருக்கும் பாசிட்டிவ். ஆக 98 பேரில் 9 பேர், பத்தில் ஒருவர்தான். 160 பேரில் 21 சதவீதம்தான் இதைச் சொன்னார்கள். சதவீதத்தை விட்டு, இப்படித் தலைகளாக எண்ணக் கற்றுக்கொடுத்தபின் 87 சதவீதம். ஒரு வகுப்புதான், பெரிய படிப்பு ஒன்றும் இல்லை.

பழைய_ஹெச்எம்:

டாக்டரே இப்படி எழுதினால் நான் சண்டை போட ஆளில்லை.

வாட்ச்_வாலிபன்:

இதே மாதிரிதான் ஆப்பிள் வாட்ச் ஆய்வும். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று அது எச்சரித்தவர்களில் 34 சதவீதம் பேருக்குத்தான் உண்மையிலேயே பிரச்சினை இருந்ததாம். மூன்றில் இரண்டு பொய் அலாரம். நான் நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்துவிட்டேன்.

ஆராய்ச்சி_எலி:

அண்ணா, ஆன் பண்ணுங்கள் முதலில். அந்த 34-ஐ அப்படிப் படிக்கக் கூடாது.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 4,19,297 பேர். எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது அரை சதவீதம். அவர்களுக்கு மார்பில் ஒட்டிக்கொள்ளும் இசிஜி பட்டை அனுப்பினார்கள். ஒட்டித் திருப்பி அனுப்பி ஆய்வுக்கு ஏற்கப்பட்டவர்கள் 450 பேர் மட்டும். அந்த 450-ல்தான் 34 சதவீதம். பட்டை ஒட்டியதோ எச்சரிக்கை வந்து பல நாள் கழித்து. இந்தத் துடிப்புக் கோளாறு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், பலருக்கு வரும், போகும். ஒட்டிய வாரம் வரவில்லை என்றால் அன்றைக்கு வந்தது பொய் என்று ஆகாது. வாட்சும் பட்டையும் ஒரே நேரத்தில் இருந்தபோது வந்த எச்சரிக்கைகளைத் தனியாகப் பார்த்தார்கள், 84 சதவீதம் ஒத்துப்போனது. 2019 நவம்பரில் வெளியானது.

என் கவலை வேறு. எச்சரிக்கை வந்த 2,161 பேரில் 1,700 பேர் பக்கம் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்கள் பயந்தார்களா, அலட்சியமா, நேராக டாக்டரிடம் போய்விட்டார்களா என்பது அந்த 34-க்குள் கிடையாது.

மெஷின்_மாமா:

குத்தாமல் வலியில்லாமல் சுகர் பார்க்கும் ஸ்மார்ட் மோதிரம், ரூ. 1,999 மட்டுமே, கேஷ் ஆன் டெலிவரி
[இணைப்பு நீக்கப்பட்டது - மட்டுறுத்துநர்]

ஊசிக்காரம்மா:

நீக்கியதற்கு நன்றி. படிப்பவர்களுக்காக: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. தோலைத் துளைக்காமல் தானாகவே சுகர் அளக்கும் வாட்சோ மோதிரமோ எதற்கும் அவர்கள் அனுமதி கொடுக்கவில்லை. கையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க சுகர் காட்டும் சிஜிஎம் வேறு, அதில் தோலுக்குக் கீழே மெல்லிய இழை போகும்.

அனுமதி பெற்ற கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு ஆக்ஸிமீட்டர் வாங்கினோமே, 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. விரலில் 92 முதல் 96 வரை காட்டியவர்களின் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு உண்மை அளவு 88-க்கும் கீழே. வெள்ளையருக்கு அது 3.6. தோல் நிறம் கருவியின் ஒளியை ஏமாற்றுகிறது. நம் வார்டில் இதை யோசிக்காமல் "94 இருக்கு, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட முடியுமா?

மதுரை_மல்லி:

எல்லாம் அமெரிக்கா, ஜெர்மனி. நம்ம ஊர்க் கண் படங்களில் பழகிய ஏஐ ஒன்றைச் சொல்கிறேன். சுகரால் கண் விழித்திரை கெடுவதைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கும் கூகுளின் ஏஐ மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டோடும் சேர்ந்து வளர்ந்தது. அந்த இரண்டு இடத்திலும் 3,049 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பவர்களுக்கு அது சளைத்ததில்லை என்று வந்தது. நான் பெருமைப்பட்டேன்.

அப்புறம் அதைத் தாய்லாந்தின் 11 கிளினிக்குகளில் வைத்தபோது நடந்ததைப் படியுங்கள். அந்த ஏஐ ஒரு நல்ல காரியம் செய்தது. படம் தெளிவாக இல்லை என்றால் யூகிக்காமல் "இதை வைத்துச் சொல்ல முடியாது" என்று திருப்பி அனுப்பியது. ஆனால் 1,838 படங்களில் 21 சதவீதத்தை இப்படித் திருப்பியது. அங்கே பெரும்பாலான கிளினிக்குகளில் நர்சுகள் படம் எடுப்பது தனி இருட்டறையில் இல்லை, நாலு பேர் நடமாடும் அறையில். திருப்பப்பட்டவர் இன்னொரு நாள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். வேலையை விட்டு, வண்டி வைத்து யார் போவார்? சில நர்சுகள் கண்ணால் பார்த்தாலே கோளாறு இல்லை என்று தெரிகிற படத்தையும் இது திருப்புகிறதே என்று கடுப்பானார்கள்.

தெரியாத இடத்தில் நிச்சயம் இறங்க வேண்டும் என்று மேலே டாக்டர் சொன்னார், இந்த மெஷின் அதைத்தான் செய்தது. அதற்கு பஸ் காசு கொடுப்பவர் யார் என்றும் பேசுங்கள்.

பிஎச்சி_டாக்டர்:

மல்லி சொன்னதுக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் நிலையத்திலேயே "சந்தேகமாக இருக்கு, ஜிஹெச் போங்க" என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போவதில்லை. "ஒண்ணுமில்ல" என்று அடித்துச் சொல்லும் டாக்டர்தான் கைராசிக்காரர்.

சாத்தூர்_சேவு:

சாட்ஜிபிடி பற்றி யாரும் சொல்லவில்லையே. அது டாக்டர் பரீட்சையே பாஸ் பண்ணிவிட்டது என்கிறார்கள்.

ஆராய்ச்சி_எலி:

பாஸ் பண்ணியது உண்மை. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்டது இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்தும். பிரிட்டனில் 1,298 பேர். மருத்துவர்கள் எழுதிய 10 சூழல்கள். "உங்களுக்கு இப்படி இருக்கிறது, என்ன நோயாக இருக்கலாம், எங்கே போவீர்கள்?" சூழலை முழுதாக ஏஐயிடமே கொடுத்தபோது சுமார் 95 சதவீதம் நோயைச் சரியாகச் சொன்னது. அதே ஏஐயை மனிதர்கள் கையில் கொடுத்து அவர்களே கேட்டுக்கொண்டபோது நோயைச் சரியாகச் சொன்னவர்கள் 34.5 சதவீதத்துக்கும் கீழே. ஏஐ இல்லாமல் தங்கள் வழக்கப்படி தேடியவர்களை விட ஒரு படி கூட மேலே இல்லை.

அறிவு ஏஐக்குள் இருக்கிறது, வெளியே வரும் வழியில் சிந்திப் போகிறது. ஆட்கள் பாதி விவரத்தைத்தான் சொல்கிறார்கள், எது முக்கியம் என்று தெரிந்தால் ஏன் கேட்கப்போகிறார்கள்? அதுவும் நாலைந்து நோயை அடுக்குகிறது, நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறோம். மூளையில் ரத்தக்கசிவு என்ற ஒரே சூழலை இருவர் கொஞ்சம் வேறு வேறு வார்த்தையில் சொன்னபோது, ஒருவரை அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது, இன்னொருவரை இருட்டறையில் படுக்கச் சொன்னது. இரண்டையும் அதே பதறாத, திக்காத நடையில். மனிதர் தெரியாததைச் சொல்லும்போது குரல் கொஞ்சமாவது இழுக்கும். இதற்கு அந்த இழுப்பும் கிடையாது.

லெஸ்டர்_தமிழச்சி:

தாமதமாக வந்தேன், வேலையில் இருந்தேன். நான் இங்கே இங்கிலாந்தில் ஒரு ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் நர்ஸ். இந்த விவாதம் முழுக்கப் படித்தால் நோயாளி எதையும் தானே செய்யக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம் போலிருக்கிறது. அது உண்மைக்கு எதிரானது.

2010-ல் இங்கே ஒரு ஆய்வு வெளியானது. பிரஷர் கட்டுக்குள் வராத 527 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு மெஷினைக் கொடுத்து, வீட்டிலேயே அளந்து, தங்கள் மாத்திரையைத் தாங்களே கூட்டிக்கொள்ள அனுமதித்தார்கள். ஆமாம், தாங்களே. ஒரு வருஷம் கழித்து அவர்களுக்கு மற்றவர்களை விட மேல் எண் சராசரியாக 5.4 புள்ளி அதிகம் இறங்கியிருந்தது. சேவு அப்பா செய்வதுதானே இது?

இல்லை, வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் முதலில் பயிற்சிக்கு வந்தார்கள். ஆரம்பத்திலேயே டாக்டரோடு உட்கார்ந்து, எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டுவது, அடுத்தது எது என்று முடிவு செய்து எழுதிக்கொண்டார்கள். மாதத்தில் முதல் வாரம் தினமும் அளவு. தொடர்ந்து இரண்டு மாதம் அளவு கூடுதலாகவே இருந்தால்தான் அடுத்த படி. ஒரு நாள் நம்பருக்கு எதுவும் மாறாது. ரொம்ப ஏறினாலோ இறங்கினாலோ உடனே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்துக்குள் முடிவு அவர்களுடையது.

அப்படிப்பட்ட ஒரு காகிதம் உங்கள் அப்பாவிடம் இருக்கிறதா? இல்லையென்றால் மெஷினைப் பிடுங்காதீர்கள், காகிதத்தை வாங்குங்கள்.

ஊசிக்காரம்மா:

லெஸ்டர் அக்கா சொல்வது பிரஷருக்கு. கிளிமெபிரைடை வீட்டில் கூட்டும் விளையாட்டே வேண்டாம் என்பேன்.

லெஸ்டர்_தமிழச்சி:

ஒப்புக்கொள்கிறேன். அதையும் அந்தக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள்: "கூட்டக் கூடாது". இன்சுலின் போடுபவர்களுக்கு இப்படிப் படிப்படியாகக் கூட்டும் அட்டவணை கொடுப்பது இங்கே சாதாரணம், அதுவும் எழுதிக் கொடுத்ததுதான்.

பழைய_ஹெச்எம்:

எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம். 9 மாதம் முதல் 15 வயது வரை. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் பலர் முகாம் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. கடைசியில் மாநிலம் முழுக்க முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. அறிக்கை வந்தது, நோட்டீஸ் வந்தது, யாரும் அசையவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமச் சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போனார். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை, "என்ன பயம், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் பள்ளியில் எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

சேவு தம்பி, உங்கள் அப்பாவிடமும் இந்த ஆய்வையெல்லாம் படித்துக் காட்டினால் எடுபடாது. எனக்கே பாதி எடுபடவில்லை.

சாத்தூர்_சேவு:

அதுதான் ஐயா என் பயமும். டாக்டரிடம் கூட்டிப் போனால் அவர் முன்னால் "எல்லாம் நீங்க சொன்னபடிதான் சார்" என்பார். டாக்டரிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

பிஎச்சி_டாக்டர்:

அப்பாவுக்கு முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள். நோட்டைக் கொண்டுபோங்கள், அதில் மாத்திரை எவ்வளவு போட்டார் என்பதும் இருக்கட்டும். நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள். எந்த நேரத்தில் பார்க்க வேண்டும், வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா. அவர் வயதுக்கு எந்த அளவு போதும் (71 வயதில் 110-க்கு இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசியம் பல நேரம் இல்லை, இதைக் கேட்டாலே அவருக்குப் பாதிக் கவலை போய்விடும்). எந்த அளவுக்குக் கீழே போனால் என்ன செய்வது. சாப்பிட முடியாத நாளில், வாந்தி பேதி நாளில் மாத்திரையை என்ன செய்வது. கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது என்றும் கேளுங்கள்.

சாத்தூர் பக்கம் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வருவார், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அவரிடமும் சொல்லிவையுங்கள். மகன் சொன்னால் கேட்காதவர் அந்தப் பெண் சொன்னால் கேட்பார், நிறையப் பார்த்திருக்கிறேன்.

லேப்_மனுஷன்:

கூடவே மெஷினையும் லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில், ரத்தம் எடுக்கிற அதே நேரத்தில், கையைக் கழுவித் துடைத்து, விரலில் குத்தி நம்பரை எழுதிக்கொள்ளட்டும். லேப் ரிப்போர்ட் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாப்பிட்டபின் ஒப்பிட வேண்டாம், அப்போது விரல் ரத்தத்துக்கும் நரம்பு ரத்தத்துக்கும் இயல்பாகவே வித்தியாசம் இருக்கும். ஸ்ட்ரிப் டப்பாவின் தேதியும் பாருங்கள், மூடாமல் சமையலறையில் வைத்திருந்தால் தேதி இருந்தும் பயனில்லை. கணக்குப் பார்க்கிறவர்தானே, இரண்டு நம்பரும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அவரையே கழிக்கச் சொல்லுங்கள்.

சாத்தூர்_சேவு:

இது அவருக்குப் பிடிக்கும். மெஷின்காரனை மாட்டிவிடப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போகிறேன்.

பழைய_ஹெச்எம்:

லேப் தம்பி, பிரஷர் மெஷினுக்கும் இப்படிச் சரிபார்க்கலாமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

லேப்_மனுஷன்:

தாராளமாக, ஐயா. மெஷினைக் கிளினிக்குக்கு எடுத்துப்போங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். போனதும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, காலைத் தரையில் வைத்து, ஒரே கையில் அவர்கள் மெஷினிலும் உங்கள் மெஷினிலும் மாற்றி மாற்றி நிமிஷ இடைவெளியில் எடுக்கச் சொல்லுங்கள். கையில் சுற்றும் பட்டை உங்கள் புஜ அளவுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள், சின்னதாக இருந்தால் கூட்டிக் காட்டும். பின்மண்டை வலிக்கிற நாளாகவே இருக்க வேண்டியதில்லை.